கம்ப்யூட்டருக்குப் போட்ட படகு கிரீஸ்

என் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்துபோக ஆரம்பித்தது கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில். முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. உள்ளே விசிறி ஒரு மாதிரி உறுமும், அப்புறம் திரை கறுத்துவிடும். கீழே எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிப்பது மட்டும் கேட்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் எழுந்துகொள்ளும், அரைமணி நேரம் நல்ல பிள்ளையாக வேலை செய்யும், பிறகு மறுபடியும் அதே கதை.

வேறு சமயமாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மூடி வைத்திருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மெஷின் மனுஷன் என்று பார்ப்பதில்லை. ஆனால் அந்த வாரம் என் பிழைப்பே அந்த டப்பாவை நம்பித்தான் இருந்தது.

நான் மெடிக்கல் கோடிங் செய்கிறவள். அமெரிக்காவில் யாருக்கோ முட்டி வலி என்றால், அங்கே டாக்டர் எழுதியதைப் படித்து அந்த வலிக்கு உரிய எண்ணை நான் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் காசை எடுப்பான். பாப்பா பிறப்பதற்கு முன்னால் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஆபீஸ் ஊரின் தெற்குக் கோடி, நாங்கள் இருப்பது வடக்குக் கோடியில் திருவொற்றியூர். பஸ், ரயில், மறுபடி பஸ், கடைசியில் ஷேர் ஆட்டோ. விடியும் முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீட்டு வாசல். இப்போது பாப்பா தளர்நடை போடுகிறாள் என்றதும், மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். கண்டிஷன் ஒன்றுதான். சின்னக் கம்பெனி, லேப்டாப்பெல்லாம் தரமாட்டார்கள், சொந்த மெஷினில்தான் செய்ய வேண்டும். திங்கட்கிழமை ஒரு முழு ஷிஃப்ட் கேமராவைப் போட்டுக்கொண்டு, லைன் அறுபடாமல் செய்து காட்ட வேண்டும்.

"பாதியில மெஷின் கட் ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா, ஆபீசுக்குத்தான் வரணும்" என்றார் டீம் லீடர். நல்ல மனுஷிதான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே.

ஆபீசுக்குப் போவதென்றால் பாப்பாவை யாரிடம் விடுவது? எனக்கு அம்மா இல்லை. மாமியார் காசிமேட்டில் மீன் விற்கிறவர், விடியலில் கூடையைத் தூக்கினால் மதியம் தாண்டித்தான் இறக்குவார். என் வீட்டுக்காரர் விசைப்படகில் இன்ஜின் டிரைவர். அப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் இருந்தார். தடை முடிந்தால் மறுபடி கடல், போனால் வாரக்கணக்கில் ஆள் கிடையாது. ஆக, மெஷின் நின்றால் என் வேலை போச்சு.

இதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பட்டனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார்.

"இவ்ளோ சொல்றேன், ம்முனா இன்னா அர்த்தம்?"

"பாத்துக்கலாம் வுடு மே."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரார் முன்னால் அவர் எனக்கு 'அவர்'தான், 'வாங்க போங்க'தான். வீட்டுக்குள் கோபம் வந்தால் 'நீ'. அன்று ராத்திரி முழுக்க 'நீ'யாகவே போயிற்று.

தடைக்காலத்தில் இந்த மனுஷனை வீட்டில் வைத்துக்கொள்வது ஒரு தனிப் பாடு. முதல் சில வாரம் படகைக் கரையேற்றி இன்ஜினைப் பிரித்துப் போட்டுச் சோப்பு நுரையும் டீசலுமாகக் கிடப்பார். அது முடிந்துவிட்டால் கை நமநமக்க ஆரம்பித்துவிடும். மிக்சியைப் பிரிப்பார், கிரைண்டரைப் பிரிப்பார், நன்றாக ஓடுகிற சீலிங் ஃபேனைக் கழற்றி வைத்துக்கொண்டு "சத்தம் வருது" என்பார். குறை சொல்லவில்லை, பிரித்ததையெல்லாம் ஒழுங்காகவே மாட்டிவிடுவார். எதுவாக இருந்தாலும் அவருடைய வைத்தியம் ஒன்றுதான், கிரீஸ். உப்புக் காற்றில் எதை விட்டுவைத்தாலும் துரு தின்றுவிடும் என்பதால் காசிமேட்டில் எல்லாருமே அப்படித்தான். கிரீஸ் டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி அப்புவார்கள். குறைவாகப் போடுகிறவனைக் கஞ்சன் என்பார்கள்.

சனிக்கிழமை காலையில் சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், புதன் ஆகும் என்றார்கள். திங்கட்கிழமை ட்ரையல் இருக்கும்போது புதன்கிழமை மெஷினை வாங்கி நான் பொட்டு வைத்துக் கும்பிடவா? போனை வைத்துவிட்டுக் காய் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கூடத்தில் பேப்பர் விரித்து, அதன்மேல் என் கம்ப்யூட்டர் பக்கத் தகடு கழற்றப்பட்டு மல்லாந்து கிடந்தது. பாப்பா ஓர் ஓரத்தில் உட்கார்ந்து தகட்டைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

காய்ப் பையைக் கீழே போட்டேன். "இன்னா பண்ணி வெச்சிக்கிற?"

"கூவாத மே. இங்க வந்து பாரு."

பார்த்தேன். ப்ராசஸர் சில்லுக்கு மேலே உட்காருகிற அலுமினிய கூலரின் இடுக்கெல்லாம் கறுப்புத் தூசி அடைத்துக் கம்பளி மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்துத் தூசி சாதாரணத் தூசி இல்லை. லாரிப் புகை, நிலக்கரி, சாம்பல், அதன்மேல் கடல் ஈரம், எல்லாம் சேர்ந்து பிடித்தால் ஊதினாலும் போகாது. அதை அவர் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தமாக எடுத்திருந்தார். அதுவரைக்கும் சரி.

"இதுக்கும் அந்தச் சில்லுக்கும் நடுவுல கிரீஸ் போட்டிருந்திருக்கான். மொத்தமா காஞ்சி சுண்ணாம்பு மாரி ஆயிட்ச்சு. சொரண்டி எட்த்துட்டு நம்ம கிரீஸ் போட்டுக்கிறேன். இப்ப பாரு, சோக்கா ஓடும்."

சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் மூடித் திருகிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டனை அழுத்தியும் விட்டார். ஓடியது. சொல்லப்போனால் அன்று மதியம் வரை ஜோராக ஓடியது. தூசி போனதால் விசிறிச் சத்தமும் குறைந்திருந்தது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது, காலையில் போட்ட கூச்சலை நினைத்து. சங்கரா மீன் வறுத்து, அவர் தட்டில் ஒரு துண்டு அதிகமாகவே வைத்தேன்.

சாயங்காலம் ஒரு கோடிங் பயிற்சிப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறையில் ஒரு வாடை. முதலில் அவர் லுங்கி என்று நினைத்தேன். காசிமேட்டில் படகு இன்ஜின் அறையில் அடிக்குமே, சூடான எண்ணெயும் உப்பும் கலந்து, அதே வாடை. குனிந்து பார்த்தால் மெஷின் உள்ளேயிருந்து வருகிறது. நான் "யோவ்" என்று கூப்பிடுவதற்குள் திரை கறுத்தது. ஆறவைத்துப் போட்டேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி கறுத்தது. முன்னாடி அரைமணியாவது தாங்கிய மெஷின், இப்போது பால் காய்கிற நேரம்கூடத் தாங்கவில்லை.

பிரித்தார். அவர் அப்பிய கிரீஸ் சூட்டில் இளகிச் சில்லின் நாலு பக்கமும் வழிந்து, பச்சைப் போர்டு வரைக்கும் வந்திருந்தது.

அன்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டுக்காரி டிவி சத்தத்தைக் குறைத்தாள், அதை மட்டும் சொல்கிறேன். அவர் வழிந்திருந்ததைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பாப்பாவை நடுவில் உட்காரவைத்து என்னையும் ஏற்றிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு வண்டியை விட்டார். அங்கே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற பாய் அவருக்கு நெடுநாள் தோஸ்து. ஞாயிறும் கடை திறந்திருப்பார்.

பாய் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கடைக்கு வந்த இன்னொரு ஆளும் எட்டிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நைனா, இது இன்னா, படகு இன்ஜினா, ப்ராசஸரா?"

"சிரிக்காத பாய். பேஜாரு ஆயிட்ச்சு. வூட்ல ரெண்டு நாளா சோறு தண்ணி இல்ல."

அது பச்சைப் பொய். சோறு போட்டேன், பேசத்தான் இல்லை.

பாய் ஊசி மாதிரி ஒரு சின்னக் குழாயை எடுத்து வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் பேஸ்ட். "இது வழுக்கறதுக்குப் போடற சமாச்சாரம் இல்ல. இங்க எதுவும் சுத்தறது இல்ல. சில்லு மேல ஒரு தகடு, கூலர் அடியில ஒரு தகடு. ரெண்டும் பாக்க வழவழனு இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாத பள்ளம் மேடு இருக்கும். அதுல காத்து நின்னுகினா சூடு மேல ஏறாது. அந்தச் சந்த அடைக்கத்தான் இது. பட்டாணி அளவு போதும். ஜாஸ்தி போட்டா இதுவே கம்பளி போத்தின மாரி ஆயிடும்."

"பட்டாணியா?" என் வீட்டுக்காரரால் நம்பவே முடியவில்லை. "இத்தினியூண்டு போட்டா இன்னாத்துக்கு ஆவும் பாய்?"

"போட்டுப் பாரு நைனா, அப்பால பேசு."

துடைக்க ஒரு பாட்டிலில் ஸ்பிரிட்டும் ஊற்றிக் கொடுத்தார், செல்போன் போர்டு கழுவுகிற ஸ்பிரிட். பஞ்சு வேண்டாம், நூல் ஒட்டிக்கொள்ளும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்தோம். பாப்பா தூங்கிப்போனது எங்கள் அதிர்ஷ்டம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிய மல் துணியைக் கிழித்துக்கொண்டேன். துவைத்துத் துவைத்து அதில் ஒரு நூல்கூட உதிராது. கூலரை அவர் நேராக இழுக்கவில்லை. லேசாக இப்படியும் அப்படியும் திருகி, பிடி விட்ட பிறகு தூக்கினார். நான் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைக்கத் துடைக்கத் துணி பழுப்பாக வந்தது. மறு துண்டு, அதுவும் பழுப்பு. போர்டில் வழிந்திருந்ததைக் துணி சுற்றிய தீக்குச்சியால் நான் தொட்டுத் தொட்டு எடுத்தேன், அவர் செல்போன் விளக்கைப் பிடித்தார். கடைசியில் சில்லின் மேல் தகட்டில் பொடி எழுத்தெல்லாம் படிக்கிற மாதிரி பளிச்சென்று தெரிந்தது. அந்த வேலையில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. வெயில், தூசி பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தியிருக்கிறோம், முதுகில் வேர்வை ஓடுகிறது, மனசு என்னவோ குளிர்ந்துகிடந்தது. அதற்கு முன் அவரும் நானும் இப்படித் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரு வேலை செய்ததே இல்லை. அவர் வேலை கடலில், என் வேலை திரைக்குள்.

பேஸ்ட்டை நான்தான் வைத்தேன். அவர் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நடுவில் ஒரு பட்டாணி.

"இன்னும் கொஞ்சம் வை மே."

"வாணாம்."

"ஓரமெல்லாம் காலியா கீதே. மனசே கேக்கல."

"உன் மனச அப்படிக்கா வெச்சுட்டு கூலர எடு."

எடுத்தார். மேலிருந்து நேராக இறக்கி அப்படியே அமுக்கினார். நாலு மூலைக்கு நாலு ஸ்க்ரூ. நான் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி ஒரு மூலையை முழுசாகத் திருக ஆரம்பித்தேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார்.

"அப்டி ஒரே பக்கம் முறுக்காத. கூலரு ஒரு பக்கம் சாயும், வெச்ச பேஸ்ட்டு இன்னொரு பக்கம் ஓடும். இன்ஜினுக்கு மேல்மூடி, அந்த ஹெட்டு மாட்றப்போ எப்டி? இந்த மூலை கொஞ்சம், எதிர் மூலை கொஞ்சம். அப்பால அந்த மூலை, அதுக்கு எதிர் மூலை. எல்லாம் சமமா உக்காரணும்."

அவர் சொல்லச் சொல்ல நான் திருகினேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தகட்டில் விரலை வைத்துப் பார்த்துச் சொன்னார். பட்டனை அழுத்தினோம். விசிறி சுற்றவில்லை.  பார்த்தால் விசிறியின் ஒயரைச் செருகவே மறந்திருக்கிறோம். இரண்டு பேருமே மறந்ததால் யாரும் யாரையும் திட்ட வழியில்லாமல் போயிற்று. செருகினோம். ஓடியது. திரையில் சூடு காட்டுகிற எண் முன்பு தொண்ணூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, இப்போது நாற்பத்தைந்தில் வந்து நின்றது. அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, ஒரு பையில் பால் புட்டி, ரஸ்க், மாற்று உடுப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் அழுகிற சத்தம் கேமராவில் கேட்கக் கூடாது என்பதற்காக. மாமியாரிடம் கொஞ்ச நேரம், படகுகிட்ட கொஞ்ச நேரம், கோவில் குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் என்று ஒரு திட்டம் சொன்னார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முழங்கால், இடுப்பு, சர்க்கரை, மறுபடி முழங்கால். ஒரு கண் வேலையில், ஒரு கண் சூட்டு எண்ணில். மதியம் மேல்தளம் காய்ந்து அறையே அடுப்பானபோது எண் அறுபதைத் தொட்டது, விசிறி குரலை உயர்த்தியது.  அதற்கு மேல் ஏறவில்லை. கண்டெய்னர் லாரி ஹாரன் டீம் லீடர் காதிலேயே விழுந்து, "எங்கம்மா இருக்க, ஹார்பர் உள்ளயா?" என்று கேட்டார். அதற்குச் சிரிக்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு வந்திருந்தது.

ஷிஃப்ட் முடிந்ததும் டீம் லீடர் சொன்னார். "லைன் ஒரு தடவகூட கட் ஆகலம்மா. நாளையிலேருந்து வீட்ல இருந்தே பண்ணு."

நான் அந்த டப்பாவைத் தட்டிக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் பிஸி. படியில் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்ததால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். பாப்பா அவர் தோளில் தூங்குகிறாள், இன்னொரு தோளில் பை. கை ஒழியாததால் போனை ஜன்னல் கட்டையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதை வைத்தே ஒரு வருஷம் சாப்பிடாமல் இருக்கலாம்.

போனில் படகு ஓனர் பேசிக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, எண்ணூர்ல அந்த டிரைவரு வரேன்றான். உன் எடத்துக்கு அவன போட்டுடட்டா? நீதான கடலுக்கு வர்ல, வூட்ல கொயந்தைய பாத்துக்கணும்னு வெள்ளிக்கெயமை சொன்ன?"

"அவன வாணாம்னு சொல்லிடு அண்ணே. நானே வரேன்."

"அப்ப கொயந்தைய யாரு பாத்துக்குவாங்க?"

"அதான் அவளுக்கு வூட்லயே வேலைனு ஆயிட்ச்சே. இப்பத்தான் சொன்னா."

"ஒரு வார்த்தையில நில்லு நைனா" என்று ஓனர் சலித்துக்கொண்டு வைத்தார்.

நான் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு டிரைவர் தன் படகைப் பாதியில் விட்டால் அது திரும்பக் கிடைக்காது, புது ஆள் கைக்கு இன்ஜின் பழகிவிடும். அதற்கு மேல் காசிமேட்டில் ஏலக்காரனிலிருந்து ஐஸ் உடைக்கிறவன் வரைக்கும் கிண்டல் பண்ணியே உரித்துவிடுவார்கள், பொண்டாட்டி வேலைக்குப் போக இவன் வீட்டில் பிள்ளை வளர்க்கிறான் என்று. இதெல்லாம் தெரிந்தும் நான் விஷயத்தைச் சொன்ன அன்றைக்கே ஓனரிடம் பேசி முடித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் என்னிடம் அத்தனை திட்டும் வாங்கியிருக்கிறார்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வேலையே வாணாம்னு குந்திகுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். உட்கார்ந்திருப்பேன். எழுந்துபோய்ப் பாப்பாவை வாங்கிக்கொண்டேன். அவர் சட்டை தோள்பக்கம் முழுக்க அவள் எச்சிலும் வேர்வையுமாக நனைந்திருந்தது. கல்யாணம் ஆன புதுசில்கூட எனக்கு இந்த மனுஷன்மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை.

"மெஷினு நின்னு போயிருந்தா?" என்று கேட்டேன்.

"இன்னா ஆயிருக்கும்? நீ பஸ்ஸு ஏறியிருப்ப, நான் பாப்பாவுக்கு சோறு ஊட்டிகினு இருந்திருப்பேன்" என்றார். "கடலு எங்க போவப் போவுது."